மலையகத்தில் இளைஞர் போதைத் தடுப்பு: யார் செய்வது, யார் பணம் தருவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா, பதுளை பக்கங்களில் இளைஞர் கழகங்கள், கோவில் கமிட்டிகள், மாதர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. "பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், ஏதாவது செய்ய வேண்டும்" என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது, எந்த மாதத்தில் தட்டுவது என்பதில்தான் எல்லோரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

சில நாடுகளில் மாநில அரசு பார்க்கிறது. நம் மாகாணத்தில் இந்த வேலைக்குப் பொறுப்பு யார்?

தனியாக ஒருவர் இல்லை. சிக்கலே அங்கேதான். போதைப்பொருள் பற்றிய கொள்கை, பயிற்சி, சிகிச்சை எல்லாம் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடம் இருக்கின்றன. அது 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. சிகரெட்டும் சாராயமும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையிடம். சாராயக்கடை அனுமதி மதுவரித் திணைக்களத்திடம். பிடிக்கிற வேலை பொலிஸிடம். இந்த நான்குக்கும் கடிவாளம் கொழும்பில்.

மாகாணத்திடம் இருப்பவை வேறு. நமது தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, சமூக சேவை ஆகியவையும் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண விடயங்கள். அதாவது பிள்ளை இருக்கும் இடம் மாகாணத்திடம், பிள்ளையைக் கெடுக்கும் சரக்கு மத்திய அரசிடம். இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர வேண்டிய மாகாண சபையோ கலைந்து கிடக்கிறது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலும் ஊவாவின் காலம் 2019இலும் முடிந்தன. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. எனவே மாகாணப் பணம் பற்றிய கடிதத்தை ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் ஒருங்கிணைப்பு எங்கே நடக்க வேண்டும்?

பிரதேச செயலகத்தில். மாவட்டச் செயலகம் தூரம், கொழும்பு அதைவிடத் தூரம். பிரதேச செயலகக் கூரையின் கீழ் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமுர்த்தி உத்தியோகத்தர், இளைஞர் சேவைகள் மன்ற அலுவலர் எல்லோரும் இருக்கிறார்கள். சிலர் ஒரே அறையில்கூட இருப்பார்கள். ஒருவர் செய்வது அடுத்த மேசைக்காரருக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு கதை.

ஒருமுறை நாங்கள் ஒரு சிறிய வேலை செய்தோம். ஒரு பிரதேசத்தில் போதைத் தடுப்பு என்ற பெயரில் அந்த ஆண்டு யார் யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு, பெரிய பிரிஸ்டல் அட்டையில் மாதக் கட்டங்கள் போட்டு எழுதினோம். பஸ் நிற்கும் டவுன் பாடசாலை ஒன்றில் ஒரே மாதத்தில் நான்கு விரிவுரைகள். பொலிஸ் ஒன்று, சுகாதாரப் பணிமனை ஒன்று, ஒரு தொண்டு நிறுவனம், கடைசியாக ஒரு வங்கி. அங்கிருந்து மேலே ஏறிப் போகும் மூன்று தோட்டப் பாடசாலைகளின் கட்டங்கள் ஆண்டு முழுக்க வெள்ளையாகவே கிடந்தன. ரோடு மோசம், வாகனம் போகாது. அந்த அட்டையைக் கூட்டத்தில் சுவரில் ஒட்டிய பிறகு யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சரி, மேலே இருக்கிறதை நாங்க எடுக்கிறோம்" என்று ஒருவர் சொன்னார். அதுதான் ஒருங்கிணைப்பு. அதற்குச் செலவு ஒரு அட்டையும் ஒரு மார்க்கர் பேனாவும்.

நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகங்கள்தான் இருந்தன. இப்போது நோர்வூட், தலவாக்கலை போன்ற புதியவற்றோடு பத்து. உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு எதற்குள் வருகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய செயலகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

குழுவில் யாரைச் சேர்ப்பது?

மேலே சொன்னவர்களோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பொலிஸின் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவு, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், அதிபர்கள். தோட்டப் பக்கத்தில் வைத்திய உதவியாளரும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரும். அப்புறம் தோட்டத் தலைவர்மார், வெவ்வேறு தொழிற்சங்கம் என்றாலும் எல்லோரையும். ஒரு சங்கத்தை மட்டும் கூப்பிட்டால் அன்றோடு அது "அவங்க கூட்டம்" ஆகிவிடும்.

இரண்டு பேரை எல்லோரும் மறக்கிறார்கள். ஒருவர் திரீவீல் ஸ்டாண்டில் நிற்கும் அண்ணன். ஊருக்குள் என்ன வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்று பொலிஸுக்கு முன் அவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் கொழும்பில் கடை வேலை செய்துவிட்டுத் திரும்பிய இளைஞர். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டு, பதினாறு பதினேழு வயதில் பஸ் ஏறிப் போகிறவர்களைப் பாடசாலை விரிவுரை எட்டுவதே இல்லை. தீபாவளிக்கு ஊர் வரும்போது புதுச் சட்டையோடு புதுப் பழக்கமும் சேர்ந்து வருகிறது. அவர்களோடு பேச அவர்களில் ஒருவர்தான் சரி.

சரி, பணம் எங்கிருந்து வரும்?

ஒரே பெட்டியில் இல்லை. நான்கைந்து இடங்களில் சிறிது சிறிதாக இருக்கிறது.

முதலாவது பிரதேச சபை (தெரிவான உள்ளூராட்சி மன்றம்; பிரதேச செயலகம் வேறு). வரவு செலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் நிறைவேறும். செப்டெம்பரிலேயே உங்கள் வட்டார உறுப்பினரைப் பிடித்து, "இளைஞர் நலன்" என்ற தலைப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். ஜனவரியில் போய்க் கேட்டால் ஐயா, அம்மா என்று மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை சபைகளில் தெரிவான உறுப்பினர்களே இல்லை, செயலாளர்தான் நடத்தினார். இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி. இது கட்டடம், தளபாடம், விளையாட்டுச் சாமான் என்று கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே சுலபமாக வரும். எனவே அதனிடம் பயிற்சிக்குப் பணம் கேட்காதீர்கள். கரப்பந்து வலை, சனசமூக நிலையத்துக்கு மின் இணைப்பு என்று கேளுங்கள். பயிற்சியை வேறு பணத்தில் செய்யலாம்.

மூன்றாவது மாகாணத் திணைக்களங்களின் ஆண்டு ஒதுக்கீடு. இதில் ஒரு கூத்து இருக்கிறது. பணம் ஆண்டின் பிற்பாதியில்தான் இறங்கும், டிசம்பர் 31க்குள் செலவழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். அதனால்தான் நவம்பர், டிசம்பர் மழையில் பதாகை பிடித்துக்கொண்டு பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்கள். நீங்கள் ஜூலையிலேயே ஒரு பக்கத் திட்டத்தை எழுதி அந்த உத்தியோகத்தரின் கோப்பில் வைத்துவிட்டால், பணம் வந்த அன்று அவர் உங்களைத்தான் தேடுவார். அவருக்கும் தலைவலி குறையும்.

நான்காவது தேசிய நிறுவனங்கள். அவை பெரும்பாலும் காசாகத் தருவதில்லை. வளவாளர், பயிற்சி, அச்சிட்ட தாள் என்று தருவார்கள். 1987இலிருந்து இயங்கும் மதுசாரம் மற்றும் போதைப்பொருள் தகவல் நிலையமும் அப்படித்தான். நல்ல வளவாளர் ஒருவர் ஒரு நாள் வந்து போவதற்கு வெளியில் என்ன கேட்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் பணம்தான்.

எதைக் கேட்டாலும் உங்கள் பங்கையும் எழுதுங்கள். கோவில் மண்டபம் இலவசம், மாதர் சங்கம் சமையல், ஆறு தொண்டர்கள் மாதம் இரண்டு ஞாயிறு. இன்னொன்று: கணக்கு வைக்கத் தெரியும் என்று காட்ட மரண உதவிச் சங்கத்தின் கொப்பியைக் கொண்டுபோங்கள். லயத்துக்கு லயம் மாதச் சந்தா சேர்த்து, ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வைத்திருக்கும் அந்தக் கொப்பியைவிட நல்ல சான்றிதழ் எந்த நிறுவனமும் தராது.

தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்கு அதிகாரம் இல்லை என்கிறார்களே?

அப்படி அதிகாரம் இல்லாமல் இருந்த காலம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டித்தான் முப்பது வருடம் அப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 2018இல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. இன்னும் அந்தப் பழைய பாட்டைப் பாடுகிறவரிடம் 2018 திருத்தத்தைச் சொல்லுங்கள், எழுத்தில் பதில் கேளுங்கள்.

தோட்ட நிர்வாகம் அனுமதி தராவிட்டால்?

தோட்டம் கம்பனியின் குத்தகை நிலம். துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, ஒரு கடிதம், பிரதேச செயலாளரின் கையெழுத்தோடு, முன்கூட்டியே போக வேண்டும். வேலை நேரத்தில் கூட்டம் கேட்டால் மறுப்பார்கள், அதில் நியாயமும் உண்டு, நம் ஆட்களின் நாள் சம்பளம் அல்லவா போகிறது. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் ஐந்து நிமிட அறிவிப்பு, கூட்டம் பின்னேரம். சம்பள நாளான பத்தாம் திகதியிலும் அதற்கு அடுத்த நாளிலும் கூட்டம் வைக்காதீர்கள். ஏன் என்று மலையகத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சாராயக் கம்பனியோ சிகரெட் கம்பனியோ பணம் தருவதாகச் சொன்னால் வாங்கலாமா?

வேண்டாம். புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை இலங்கை 2003இலேயே ஏற்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் விளம்பரத்தோடு அனுசரணையையும் தடுக்கிறது. பெயர் போடாமல் தருகிறோம் என்பார்கள். அடுத்த வருடம் பாடசாலை விளையாட்டுப் போட்டியின் படம் அவர்களது ஆண்டறிக்கையில் இருக்கும்.

வேறு நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் ஏற்பாடு ஒன்று நமக்குப் பயன்படும். அங்கே மத்திய அரசு போதைத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு தொகுதி மானியம் தருகிறது. அதில் குறைந்தது 20 சதவீதத்தை, பழக்கம் தொடங்கும் முன் தடுக்கும் வேலைக்கே செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை. சிகிச்சைக்கு எவ்வளவு கொட்டினாலும் போதாது, தடுப்புக்கு மிச்சமே வராது என்பது தெரிந்து போட்ட பூட்டு அது. அதோடு, கடைகளில் வயது குறைந்தவர்களுக்குச் சிகரெட் விற்கிறார்களா என்று மாநிலம் முன்னறிவிப்பு இல்லாமல் சோதிக்க வேண்டும். விற்பனை கூடுதலாக இருந்தால் மானியத்தில் கை வைக்கலாம். இந்த விதி 1992இல் வந்தது.

ஊர் மட்டத்துக்கு இன்னொரு மானியம் உண்டு. ஆண்டுக்கு 125,000 டொலர் வரை. பெற்றோர், இளைஞர், பாடசாலை, பொலிஸ், மதத்தலம், வியாபாரிகள் என்று 12 தரப்பும் ஒரே கூட்டணியில் இருந்தால்தான் கிடைக்கும். ஊரும் தன் பங்கைப் போட வேண்டும். தொண்டர் நேரம், இலவச மண்டபம் எல்லாம் அந்தப் பங்கில் சேரும். மேலே உங்கள் பங்கை எழுதச் சொன்னதும் இதைப் பார்த்துத்தான்.

ஒரு வேடிக்கை: சிகரெட் வாங்க 21 வயது என்று அமெரிக்கா நாடு முழுவதற்கும் சட்டம் போட்டது 2019 டிசம்பரில். இலங்கை போட்டது 2006இல். சட்டத்தில் நாம் பதின்மூன்று வருடம் முந்திவிட்டோம். சட்டத்தைக் கடை வாசல் வரை கொண்டுபோவதில்தான் இடறுகிறோம்.

பணம் கிடைத்தால் எதற்குச் செலவழிக்கக் கூடாது?

ஒருநாள் விரிவுரை, பயமுறுத்தும் படங்கள், பழைய அடிமை ஒருவரை மேடையேற்றி அழவைப்பது. ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் அலுவலகம் 2013இல் வெளியிட்ட தடுப்பு நியமங்களே இவை பயன் தராதவை, சில வேளை எதிர்ப்பலன் தருபவை என்று சொல்கின்றன. நானும் பார்த்திருக்கிறேன். ஒரு பாடசாலையில் எந்தக் குளிசையை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்று ஒரு நல்ல மனிதர் விளக்கினார். பத்தாம் வகுப்புக் கடைசி வாங்கில் ஒருவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். அந்த விரிவுரையில் உருப்படியாக ஏதாவது படித்தவன் அவன் ஒருவன்தான்.

பிறகு எதற்குச் செலவழிப்பது?

ஆளுக்கு. ஒரு பிரதேசத்துக்கு ஒருவர், தமிழ் பேசுபவர், முழுநேரம், அவருக்கு மாதப் படியும் பஸ் காசும். இது இல்லாமல் வேறு எதுவும் ஓடாது என்பது என் அனுபவம். குழுக் கூட்டத்துக்கு ஆளைக் கூப்பிடுவதும், குறிப்பெழுதுவதும், போன மாதம் சொன்னதைச் செய்தீர்களா என்று தொலைபேசியில் கேட்பதும் யாராவது ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும். எல்லோரும் தொண்டர் என்றால் மூன்றாவது மாதம் மண்டபத்தில் நாற்காலிதான் இருக்கும். நன்கொடையாளர்களுக்கோ சம்பளம் என்ற சொல்லே பிடிக்காது. பதாகைக்கு ஐம்பதாயிரம் தருவார்கள், ஆளுக்கு ஐயாயிரம் தர யோசிப்பார்கள்.

அடுத்தது பெற்றோர் வகுப்பு. பிள்ளையைத் திட்டாமல் எப்படிக் கேட்பது, கையில் காசு எவ்வளவு கொடுப்பது என்ற சின்ன விடயங்கள். ஐந்தாறு கிழமை தொடர்ந்து நடக்க வேண்டும். அம்மாமார் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரத்துக்கு வையுங்கள், தேத்தண்ணியும் பணிஸும் கொடுங்கள். அப்பாமாரை வரவைப்பது கஷ்டம். அவர்களை இறப்பு வீட்டிலும் கோவில் திருவிழாக் கூட்டத்திலும்தான் பிடிக்க முடியும்.

மூன்றாவது, நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை. மாசியில் காமன் கூத்து போடும் தோட்டங்களில் வேஷம் கட்டும் பையன்கள் விரதம் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் தவறணைப் பக்கம் ஒதுங்கும் அண்ணன்மார்கூட அந்த நாட்களில் தொடுவதில்லை. இதற்கு எந்தத் திட்டமும் எந்த நிதியும் இருந்ததில்லை. கூத்து முடிந்த மறுநாள் அந்தப் பையன்களுக்கு என்ன வேலை கொடுக்கிறோம் என்று யோசிக்கலாம். பறை, தப்பு, கரப்பந்து, கணினி வகுப்பு, எதுவானாலும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். அலுவலக நேரத்தில் நடப்பது அலுவலகத்துக்குத்தான் வசதி.

கடைக்காரர் சின்னப் பிள்ளைகளுக்கு விற்கிறார். என்ன செய்யலாம்?

பாடசாலைச் சந்தியில் உள்ள கடையை ஒருமுறை நின்று பாருங்கள். இனிப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் உடைத்த சிகரெட் பெட்டி, வாசல் தூணில் கயிற்றில் தொங்கும் லைட்டர். உதிரியாக ஒன்று வாங்கி அங்கேயே பற்றவைக்கலாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். பொலிஸும் மதுவரி அதிகாரியும் மட்டுமல்ல, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் நடவடிக்கை எடுக்கலாம். எங்கள் அனுபவத்தில் அவர்தான் சீக்கிரம் வருவார். வாயில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலங்கள் 2016இலிருந்து தடை, ஆனாலும் பாபுல், மாவா என்று கடைக்கு அடியில் இருக்கும்.

ஆனால் முதல் நாளே முறைப்பாடு எழுதாதீர்கள். அவரும் நம் ஊர்க்காரர், கடனுக்கு அரிசி தருகிறவர். தலைவரும் கோவில் ஐயாவும் போய், "அண்ணே, அந்த லைட்டரைக் கழற்றுங்க" என்று ஒருமுறை சொல்லட்டும். அதற்குப் பிறகும் தொங்கினால் எழுதுங்கள்.

சாராயக்கடையை மூடவைக்க முடியுமா?

சுலபமில்லை. அனுமதி வருடா வருடம் புதுப்பிக்கப்படுவதால், ஆண்டு முடியும் முன்னரே மதுவரித் திணைக்களத்துக்கும் பிரதேச செயலாளருக்கும் ஆட்சேபணை போக வேண்டும். எந்த அனுமதி யாருக்கு, எப்போது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்லியாக வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கடை மூடும் போயா (பௌர்ணமி) நாட்களில் லயத்துக்குள் பதுக்கி விற்பவரும் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் விற்பவரும்தான் பிள்ளைகளுக்கு மிகக் கிட்டே இருக்கும் கடை.

ஐஸ், குளிசை என்கிறார்கள். அது நம் பக்கமும் வந்துவிட்டதா? பொலிஸிடம் சொன்னால் பையனின் வாழ்க்கை போய்விடுமே?

வந்துவிட்டது. சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் ஹட்டன் பாதையில் மோப்ப நாய்களோடு பொலிஸார் நிற்பதும் அதனால்தான். 2022இல் சட்டத்தைத் திருத்தி ஐஸ் போதைப்பொருளுக்கும் மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய விதிகளைச் சேர்த்தார்கள். எனவே பயம் நியாயமானது. 2025 ஒக்டோபரில் அரசு "ரட்டம எகட" (முழு நாடும் ஒன்றாக) என்று நாடு தழுவிய ஒரு திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. அதன் பெயரில் உங்கள் பிரதேசத்தில் குழு அமைக்கப்படும்போது பிடிக்கிற பக்கமும் காப்பாற்றுகிற பக்கமும் ஒரே கூட்டத்தில் இருக்கும். காப்பாற்றுகிற பக்கத்துக் கதிரையில் நீங்கள் போய் உட்காருங்கள். விற்பவரைப் பற்றிய தகவல் பொலிஸுக்கு, பாவிக்கும் பிள்ளையைப் பற்றிய தகவல் உளவளத்துணை உத்தியோகத்தருக்கு என்று முதல் கூட்டத்திலேயே பேசி, குறிப்பில் எழுதவைத்துவிட்டால் பெற்றோர் வாய் திறப்பார்கள்.

அறிக்கைகளும் கையேடுகளும் சிங்களத்தில் மட்டும் வருகின்றன.

தமிழில் அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வரும்வரை உங்கள் ஊர் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு நீங்களே எழுதுங்கள். வந்த தமிழும் சில வேளை அகராதித் தமிழாக இருக்கும். "மதுசாரப் பாவனை" என்ற தலைப்பைப் பார்த்து ஒரு அம்மா, "இது எந்தப் பாவனா?" என்று கேட்டார்.

வேலை நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று எண்ணுவது நன்கொடையாளருக்காக. உங்களுக்காக வேறு மூன்றை எண்ணுங்கள். சந்திக் கடைகளில் எத்தனையில் இன்னும் லைட்டர் தொங்குகிறது. சாதாரண தரம் வரையுள்ள வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றார்கள், அதிபரிடம் பதிவேடு இருக்கும். உதவி கேட்டுத் தாங்களாகவே வந்த குடும்பங்கள் எத்தனை. மூன்றாவது எண் கூடினால் பிரச்சினை கூடிவிட்டது என்று பதறாதீர்கள். மறைத்தவர்கள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

பையன் ஏற்கெனவே பழகிவிட்டான். இப்போது யாரைக் கூப்பிடுவது?

1927. தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். சிகரெட், சாராயம் என்றால் 1948. மனம் உடைந்து போயிருக்கிறான், தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்வானோ என்று பயமென்றால் 1926, தேசிய மனநல நிறுவகம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு யாராவது பழக்கிவிடுகிறார்கள் என்றால் 1929. தமிழில் பேச ஆள் வேண்டும் என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். சபையின் சிகிச்சை நிலையங்களில் மலையகத்துக்குக் கிட்டியது கண்டியில். போகும்போது அடையாள அட்டை, இதுவரை வைத்தியம் பார்த்த துண்டுகள், கூடவே அவன் கோபப்படாமல் பேசும் ஒரு ஆள். அது மாமாவாக இருக்கலாம், கரப்பந்துக் கோச்சாக இருக்கலாம், அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.